வெள்ளை உடுப்பில் நடுவில் நிற்பவள்

பேகம்பூர், திண்டுக்கல்
18 பிப்ரவரி 2025

அன்புள்ள நர்கீஸுக்கு,

உன் மதினி சபிஹா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் என் வீட்டுக்காரரும் உன் மகளும் அல்லாஹ்வின் கிருபையால் சுகம். குஜராத்துக் குளிரில் நீ எப்படி இருக்கிறாயோ என்று ஒவ்வொரு தொழுகையிலும் உனக்காகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

போன் இருக்கும்போது இதென்ன கடுதாசி என்று சிரிப்பாய். சிரித்துவிட்டுப் படி. ஞாயிற்றுக்கிழமை நீ வீடியோவில் பேசி வைத்த பிறகு மஹ்ஜபீன் என்ன செய்தாள் தெரியுமா? போனைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் நீ ஒளிந்திருக்கிறாய் என்று நினைப்பு. கவரைக் கழற்றச் சொன்னாள். கழற்றிக் காட்டினேன். அங்கேயும் நீ இல்லை என்றதும் ஆரம்பித்த அழுகை, விடிந்த பிறகும் ஓயவில்லை. மறுநாள் காய்ச்சல். டாக்டர் சோதித்துப் பார்த்துவிட்டு, "ஏக்கம்தாம்மா, வேற ஒண்ணுமில்ல" என்றார். ஒவ்வொரு வாரமும் இதே கதை. நீ பேசிவிட்டு ஷிப்டுக்குப் போய்விடுகிறாய். அதன் பிறகு நடப்பது உனக்குத் தெரிவதில்லை.

அதனால் கேட்கிறேன், கோபப்படாதே. கொஞ்ச நாளைக்குப் போன் வேண்டாம். குரலைக் கேட்டால்கூட வாசலுக்கு ஓடுகிறாள். என் வீட்டுக்காரர் இப்போதெல்லாம் போனைக் கறிக்கடையிலேயே வைத்துவிட்டு வருகிறார். நீ எழுது, நானும் எழுதுகிறேன். ஒன்றரை வயதுப் பிள்ளை, கொஞ்சம் மறந்தால்தான் சோறு இறங்கும்.

உன்னைக் கட்டிய என் தம்பி முனீர் மௌத்தாகி, நாலு மாதம் பத்து நாள் வீட்டுக்குள் இத்தா இருந்து முடித்த கையோடு நீ வேலைக்குக் கிளம்பியபோது தெருவில் என்னென்ன பேசினார்கள் என்பது உனக்கும் தெரியும். "நீ போயிட்டு வா, பிள்ளைய நான் பாத்துக்கிறேன்" என்று சொன்னவள் நான் ஒருத்திதான். அந்த உரிமையில் கேட்கிறேன்.

நேற்று டிவியில் உன் கம்பெனி மாதிரி ஒன்றைக் காட்டினார்கள். எத்தனையோ ஆயிரம் கோடி என்றார்கள். "அம்புட்டுக் கோடியப் போட்டு நகத்தளவு சாமான் செய்றாகளாம்ல" என்று என் வீட்டுக்காரர் வாயைப் பிளந்தார். அதில் நம் வீட்டுப் பெண் இருக்கிறாள் என்று அவருக்கு ஒரே பெருமை. கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் எலும்பைவிட இந்தப் பேச்சைத்தான் அதிகம் போடுகிறார்.

வஸ்ஸலாம்.
உன் மதினி,
சபிஹா


பெண்கள் விடுதி, அகமதாபாத் அருகில்
6 மார்ச் 2025

அன்பு மதினிக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். உங்கள் கடிதத்தை விடுதி மாடியில் உட்கார்ந்து படித்தேன். போனைத் திருப்பிப் பார்த்தாள் என்ற இடத்தில் மேலே படிக்க முடியவில்லை. மடித்து வைத்துவிட்டு மறுநாள்தான் மீதியைப் படித்தேன்.

சரி மதினி. கூப்பிடவில்லை. முழு மனதோடு சம்மதிக்கிறேன் என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் பிள்ளைக்குக் காய்ச்சல் வரும் என்றால் நான் பேசாமல் இருப்பதுதான் நியாயம்.

இங்கே வேலை எப்படி என்று நீங்கள் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. கேட்காவிட்டாலும் சொல்கிறேன். தூசி புகாத பெரிய அறை. உள்ளே போகும் முன் தலை முதல் கால்வரை வெள்ளை உடுப்பு மாட்ட வேண்டும். கண் மட்டும்தான் வெளியே தெரியும். பவுடர், கண்ணுக்குச் சுர்மா, மருதாணி எதுவும் கூடாது. உள்ளே தண்ணீர்கூடக் குடிக்க முடியாது. கூட இருக்கிற பெண்கள் இதற்கே அலுத்துக்கொள்கிறார்கள். எனக்கு நோன்பு என்பதால் வித்தியாசமே தெரியவில்லை, சூப்பர்வைசர் என்னைப் பெரிய பொறுமைசாலி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்!

தலைமயிரைவிட மெல்லிய தங்கக் கம்பியைச் சிப்பில் இயந்திரம் தைக்கிறது. சரியாகத் தைத்திருக்கிறதா என்று நான் மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும். கை படக் கூடாது. எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடமே தொடாதே என்பதுதான். தரையில் ஒரு ரோபோ வண்டி பெட்டிகளைச் சுமந்து போகும். குறுக்கே யாராவது நின்றால் தானும் நின்று ஒரு பாட்டுப் போடும். நகர்ந்து வழிவிடும்வரை நிறுத்தாது. மஹ்ஜபீன் பார்த்தால் வேண்டுமென்றே குறுக்கே நிற்பாள். அவளுக்குச் சொல்லுங்கள், அம்மா வேலை செய்யும் இடத்தில் பாட்டுப் பாடும் வண்டி இருக்கிறது என்று.

இரண்டு வருட ஒப்பந்தத்தில் மூன்று மாதம் ஓடிவிட்டது. நோன்புக் கஞ்சி குடிக்கும்போது என்னை நினைத்துக்கொள்ளுங்கள். அண்ணனுக்கு என் ஸலாம்.

உங்கள் நர்கீஸ்

பி.கு: முதல் சரக்கு ஏற்றிய அன்று எங்கள் குழுவைப் படம் எடுத்தார்கள். உள்ளே வைத்திருக்கிறேன்.


பேகம்பூர்
10 ஏப்ரல் 2025

அன்பு நர்கீஸ்,

பெருநாள் நல்லபடி கழிந்தது. நீ அனுப்பிய படம் வந்ததிலிருந்து வீட்டில் ஒரே கொண்டாட்டம். என் வீட்டுக்காரர் அதைப் பெரிதாக்கி, கண்ணாடி போட்டு, முன்னறையில் மாட்டிவிட்டார். பத்துப் பன்னிரண்டு பேர் ஒரே மாதிரி நிற்கிறீர்கள். முகமே தெரியாத இந்தக் கூட்டத்தில் எவளைப் போய்த் தேடுவது என்று அவர் கேட்டார். எனக்கா தெரியாது? கண்ணைப் பார்த்ததும் சொல்லிவிட்டேன், நடுவில் நிற்பது நீதான் என்று.

கல்யாண ஆல்பத்தை எடுத்து பீரோவில் பூட்டிவிட்டேன். அதில் உன் முகத்தைப் பார்த்தால் அழுகிறாள். இந்தப் படத்துக்கு அழுவதில்லை. அதனால் இதைக் காட்டியே பழக்கினேன். தினமும் தூங்கப் போகும் முன் என் இடுப்பில் ஏறிக்கொண்டு, "அம்மாக்கு முத்தா" என்று நடுவில் நிற்கும் உனக்குக் கண்ணாடி ஈரமாகும்வரை முத்தம் கொடுக்கிறாள். ரோபோ வண்டியைப் பற்றிச் சொன்னேன். இப்போது வாசலில் பால்காரர் வண்டியை மறித்துக்கொண்டு "பாத்துப் போது" என்கிறாள். பாட்டுப் போடு என்று அர்த்தம். அவரும் பாவம், பாடிவிட்டுத்தான் போகிறார்.

நன்றாகச் சாப்பிடுகிறாள். சிறுமலை வாழைப்பழம் என்றால் உயிர். கவலைப்படாமல் இரு.

சபிஹா


பெண்கள் விடுதி
2 மே 2025

அன்பு மதினி,

உங்கள் கடிதத்தைப் படித்து முதலில் சிரித்தேன். நடுவில் நிற்பது நான் இல்லை. அவள் சுனந்தா, ஒடிசாக்காரி. நான் இடது ஓரத்தில், பாதி தோள் மறைந்து நிற்கிறேன். குறி போட்டு அனுப்பியிருக்க வேண்டும். பார்த்ததும் தெரிந்துவிடும் என்று இருந்துவிட்டேன்.

சுனந்தாவிடம் சொன்னேன். அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. கல்யாணமே ஆகாத பெண். அதிலிருந்து என்னைப் பார்க்கும்போதெல்லாம் "என் மகள் சாப்பிட்டாளா?" என்று இந்தியில் கேட்டு வம்பிழுக்கிறாள். நானும் சிரிக்கிறேன். ஆனால் மதினி, அறைக்கு வந்த பிறகு சிரிப்பு வரவில்லை. என் பிள்ளை கொடுத்த முத்தம் அத்தனையும் இன்னொருத்திக்குப் போயிருக்கிறது என்று நினைத்தால் வயிறு எரிகிறது. இது அற்பமான நினைப்புத்தான். உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

ஓரத்தில் நிற்பவளைக் காட்டுங்கள். அவள்தான் அம்மா என்று சொல்லுங்கள். ஆல்பத்தையும் வெளியே எடுங்கள். அழுதாலும் பரவாயில்லை, என் முகத்தைப் பார்த்து அழட்டும்.

நர்கீஸ்


பேகம்பூர்
15 ஜூன் 2025

அன்பு நர்கீஸ்,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. பக்ரீத் நேரம், அய்யலூர் ஆட்டுச் சந்தைக்கும் கடைக்குமாக என் வீட்டுக்காரர் அலைந்ததில் வீடு தலைகீழ்.

நீ சொன்னபடி ஓரத்தில் நிற்பவளைக் காட்டினேன். "இல்ல" என்று தலையை ஆட்டினாள். நானும் விடவில்லை, விரலைப் பிடித்து உன் மேல் வைத்தேன். விரலை இழுத்துக்கொண்டு, "அது அம்மா இல்ல" என்று கத்தித் தரையில் புரண்டாள். ஆல்பத்தை எடுத்துக் காட்டினேன். இந்த முறை அழவில்லை. நல்லாருக்கு என்று உன் புடவையைத் தொட்டுப் பார்த்துவிட்டு விளையாடப் போய்விட்டாள். அழுதிருந்தால்கூட எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது. நாமே பழக்கியதை நாமே பொய் என்றால் பிள்ளை குழம்பிப் போகும். இருக்கட்டும் விடு. நீ வந்து நேரில் நின்றால் எல்லாம் சரியாகிவிடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வேறு யார் வாய் வழியாகவும் உன் காதுக்கு வருவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். என்னை அத்தை முறைக்கு மாமி என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவள், இப்போது அம்மா என்கிறாள். நான் சொல்லிக்கொடுக்கவில்லை, அல்லாஹ் மேல் ஆணை. தெருப் பிள்ளைகள் "ஒங்கம்மா கூப்புடுறாக" என்று என்னைக் காட்டிச் சொல்லிச் சொல்லி ஒட்டிக்கொண்டது. முதல் இரண்டு நாள் திருத்தினேன். மூன்றாவது நாள் திருத்தவில்லை.

பதினாலு வருஷம் என் வீட்டில் அந்த வார்த்தை கேட்டதில்லை, நர்கீஸ். நீ என்ன நினைத்தாலும் நினைத்துக்கொள்.

சபிஹா


பெண்கள் விடுதி
20 செப்டம்பர் 2025

மதினி அவர்களுக்கு,

ஸலாம். மூன்று மாதமாக எழுதவில்லை. என்ன எழுதினாலும் சண்டையாக வந்தது, கிழித்துப் போட்டுவிட்டேன். இப்போதும் கோபம் போகவில்லை. ஆனாலும் எழுத விஷயம் இருக்கிறது.

எங்கள் வரிசைக்குப் புதிதாக ரோபோக் கைகள் வந்தன. தட்டு எடுப்பது, மாற்றுவது, அடுக்குவது எல்லாம் இனி அதுவே செய்யும். இதற்கும் சர்க்கார் பணம் கொடுக்கிறதாம், திறப்பு விழாவில் கைதட்டினோம். கைதட்டிய மறு வாரம் எங்கள் குழுவில் பாதிப் பேருக்கு ஒப்பந்தம் முடிந்தது என்றார்கள். சுனந்தாவும் போய்விட்டாள். ரயில் ஏறும் முன் மஹ்ஜபீனுக்கு ஒரு பொம்மை வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனாள். நம் வீட்டுச் சுவரில் உங்கள் பிள்ளை முத்தம் கொடுக்கும் ஆள் இப்போது இங்கே இல்லை.

என்னை நிறுத்திக்கொண்டார்கள். அந்த ரோபோக்களைக் கவனிக்க ஆறு பேரைத் தேர்ந்தெடுத்ததில் நானும் ஒருத்தி. டிப்ளமா முடித்து வீட்டில் இருந்தபோது முனீர் சொல்வார், "ஒனக்கு மெஷின் பாஷ புரியுது புள்ள" என்று. எனக்கு இந்த வேலை பிடித்திருக்கிறது மதினி. ஒரு ரோபோ எங்கே தவறும் என்று சத்தத்திலேயே எனக்குத் தெரிகிறது. இதைச் சொல்ல நான் வெட்கப்படவில்லை. வேலையை விட்டுவிட்டு வந்து உங்கள் வீட்டு மூலையில் இரண்டாவது அம்மாவாக உட்கார என்னால் முடியாது.

குடும்பத்தோடு இருக்க ஒரு அறை கொடுக்கிறார்கள். கம்பெனியிலேயே குழந்தைகள் காப்பகம் இருக்கிறது. டிசம்பர் கடைசியில் விடுமுறை எடுத்துக்கொண்டு வருகிறேன். மஹ்ஜபீனை அழைத்துக்கொண்டு போகிறேன். இது கேள்வி இல்லை.

நர்கீஸ்


பேகம்பூர்
8 அக்டோபர் 2025

நர்கீஸ்,

உன் பிள்ளை. நீ அழைத்துக்கொண்டு போவதை யார் தடுக்க முடியும்? ஜமாத்தில் போய் நின்றாலும் உன் பக்கம்தான் சொல்வார்கள். எனக்குத் தெரியும்.

ஒன்று மட்டும் கேள். அவளுக்கு நீ இப்போது யார்? ராத்திரி ஷிப்டுக்கு நீ போனால் இந்திக்கார ஆயாவிடம் எப்படிப் படுப்பாள்? சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள "வெஞ்சனம் வேணும்" என்று கேட்டால் யாருக்குப் புரியும்? பள்ளிக்கூடம் போகும் வயது வரட்டும், விவரம் தெரியட்டும், நானே கொண்டுவந்து விடுகிறேன். உன்னிடம் கெஞ்சுகிறேன் என்று வைத்துக்கொள். என் தம்பியின் சாடை அந்த ஒரு முகத்தில்தான் மிச்சம் இருக்கிறது.

என் வீட்டுக்காரர், "கொடுத்துரு சபிஹா, நம்ம பிள்ளையில்ல" என்கிறார். சொல்லிவிட்டுக் கடைக்குப் போனவர் மத்தியானச் சோற்றுக்கு வரவில்லை.

வா. உடுப்பெல்லாம் துவைத்து வைக்கிறேன்.

சபிஹா


பெண்கள் விடுதி
9 ஜனவரி 2026

அன்பு மதினிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நல்லபடியாக வந்து சேர்ந்தேன். வேலைக்கும் போய்க்கொண்டிருக்கிறேன்.

பிள்ளையை அழைத்துக்கொண்டு நான் கிளம்பிய அன்று காலை ஸ்டேஷனுக்கு அண்ணன்தான் வந்தார். நீங்கள் அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. சாயங்காலம் நான் பிள்ளையோடு வாசலில் வந்து நின்றதும், "வண்டியத் தவற விட்டுட்டியா?" என்று கேட்டீர்கள். ஆமாம் என்றேன். அண்ணன் வண்டியில் ஏற்றிவிட்டதை நீங்களும் அறிவீர்கள். ஆனாலும் மேலே கேட்கவில்லை. கேட்காமல் பிள்ளையை வாங்கிக்கொண்டீர்கள். மறுநாள் நான் தனியாகக் கிளம்பியபோதும் இரண்டு பேரும் எதையும் பேசவில்லை. பேசாமல் விட்டதை எழுதிவிடுகிறேன்.

வைகை எக்ஸ்பிரஸ் கிளம்பியதிலிருந்து அழுதாள். அழுவாள் என்று எனக்குத் தெரியும், அதற்குத் தயாராகத்தான் வந்திருந்தேன். பிஸ்கட், சுனந்தாவின் பொம்மை, பாட்டு, எதுவும் எடுபடவில்லை. வாந்தி எடுத்தாள். துடைக்கப் போன என் கையைத் தட்டிவிட்டாள். மணப்பாறை தாண்டியதும் எதிர் சீட்டில் இருந்த ஒரு அம்மாள் கை நீட்டினார். முன்பின் தெரியாதவரிடம் ஒரே தாவாகத் தாவிவிட்டாள். அவர் தோளில் முகத்தை வைத்ததும் அழுகை நின்றது. நான் கை நீட்டினேன். அவர் கழுத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

அந்த அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தார். பக்கத்தில் இருந்த ஆளும் பேப்பரை மடித்துவிட்டு என்னையே பார்த்தார். "ஏம்மா, பிள்ள ஒனக்கு என்ன வேணும்?" என்று அந்த அம்மாள் கேட்டார்.

அவர்கள் சந்தேகப்பட்டதில் தப்பில்லை. என் மகள் என்று சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் ஆகும்? கைப்பையில் அவளுடைய பிறப்புச் சான்றிதழ்கூட இருந்தது. ஆனால் என் வாயில் வந்தது வேறு.

"நாத்தனார் பிள்ளைங்க" என்றேன்.

"அதான பாத்தேன்" என்றார் அவர். "தாயத் தேடுது. இம்புட்டுச் சின்னப் பிள்ளையத் தாயில்லாம எதுக்கும்மா கூட்டிட்டு வாரீக?"

சொல்லி முடித்த பிறகு எனக்குத் திக்கென்றது, பொய் சொல்லிவிட்டோம் என்பதால் அல்ல. பொய் சொன்ன மாதிரியே தோன்றவில்லை என்பதால். திருச்சியில் இறங்கி, வெகுநேரம் ஸ்டேஷனிலேயே உட்கார்ந்திருந்தேன். பஸ்ஸில் திண்டுக்கல் வரும்வரை அசதியில் என் மடியில் தூங்கினாள். விழித்திருந்தால் படுத்திருக்கமாட்டாள். அந்தத் தூக்கம் எனக்குப் போதும் என்று சொல்லமாட்டேன் மதினி. போதாது. எந்தக் காலத்திலும் போதாது.

உங்கள் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது, அது போகாது. போனை நிறுத்தச் சொன்னது பிள்ளைக்காகவா உங்களுக்காகவா என்று யோசித்து யோசித்துப் பார்த்துவிட்டேன். இரண்டுக்கும்தான் என்று நினைக்கிறேன். ஆனால் அவளுக்குக் காய்ச்சல் அடித்த ராத்திரியெல்லாம் விழித்திருந்தவர் நீங்கள். சிப்புக்குக் கம்பி தைக்கும் இயந்திரத்தை விழித்திருந்து பார்த்துக்கொண்டவள் நான். யார் யாரைக் கவனித்தோமோ அவர்கள்தானே நம்மிடம் இருப்பார்கள்?

அறையைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஒப்பந்தத்தை இன்னும் மூன்று வருடத்துக்கு நீட்டியிருக்கிறேன்.

அவளிடம் பொய் சொல்லச் சொல்லவில்லை. பெரியவளாகி, கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். அவளாகக் கேட்கும்வரை விட்டுவிடுங்கள். இனிமேல் அவள் உங்களை அம்மா என்று கூப்பிடும்போது என்னை நினைத்துத் தடுமாற வேண்டாம். நீங்கள் அம்மா என்றால், உங்கள் தம்பி பெண்டாட்டி நான் அவளுக்கு என்ன முறை ஆக வேண்டும் என்று நமக்குத் தெரியாதா? கீழே எழுதியிருப்பதை மட்டும் அவளுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

நர்கீஸ்


மஹ்ஜபீன் கண்ணுக்கு,

நலமாக இருக்கிறாயா? நிறையச் சாப்பிட வேண்டும். வெயிலில் ஓடக் கூடாது. அம்மா சொல் கேட்டு நடக்க வேண்டும். நோன்புப் பெருநாளைக்கு உனக்கு ஒரு சட்டை வாங்கி அனுப்புகிறேன். என்ன அளவு என்று எனக்குத் தெரியவில்லை, அம்மாவிடம் கேட்டு எழுதச் சொல்.

அன்புடன்,
உன் மாமி,
நர்கீஸ்